வார்த்தை தெரியாத இடம்

“பெரீப்பா, உங்களுக்கு முன்னாடி மட்டும் ஏன் யாருமே நடக்க மாட்டேங்கறாங்க?”

மாதா கோயில் தேர் நிலைக்கு வந்து சேர்ந்து, பேண்டு செட்டுக்காரர்கள் புளியமரத்தடியில் காப்பிக்கு உட்கார்ந்திருந்தபோது மிக்கேலம்மாள் இப்படிக் கேட்டாள். அவள் கிளாரினெட் வாசிக்கும் பிலவேந்திரனின் மகள். அப்போது ஆறு வயதிருக்கும். கேள்வி ஸ்தனிஸ்லாஸுக்கு. அவர் பதில் சொல்வதற்குள் பெரிய டிரம் அடிக்கும் முனிராஜ் முந்திக்கொண்டார். “ஊதி ஊதி அவரு வாயி நாறுது பாப்பா. அதான் ஒருத்தரும் கிட்ட வர்றதில்ல.” எல்லோரும் சிரித்தார்கள். ஸ்தனிஸ்லாஸும் சிரித்தபடியே தன் டிரம்போனை எடுத்து, முன்னும் பின்னும் ஓடும் அதன் குழாயை முழு நீளத்துக்கும் நீட்டிக் காட்டினார். “பாரு கண்ணு, இத்தன தூரம் போவுது. முன்னாடி ஆளு இருந்தா அவங்க பொடனில இடிக்குமில்ல? அதனாலதான் எந்த ஊரு பேண்டா இருந்தாலும் டிரம்போன்காரன் மொத வரிசைல நடக்கறான்.”

குழந்தை கொஞ்சம் யோசித்தது. “அப்ப வூட்டுல? அங்கயும் உங்களுக்கு யாருமில்லியே. அங்க யாரு பொடனில இடிக்கும்?”

பிலவேந்திரன் மகளை இழுத்து முதுகில் ஒன்று வைக்கப் போனார். ஸ்தனிஸ்லாஸ் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, தன் பங்குப் பன்னைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, குழாய்க்கு எண்ணெய் போடத் தொடங்கினார்.

அதியமான்கோட்டையிலிருந்து பிரியும் மண்சாலையில், கிறிஸ்தவர் தெரு முடிகிற இடத்தில் அவர் வீடு. ஒரு சுவர் தள்ளி பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாளின் ராகிக் காடு ஆரம்பித்துவிடும். வீட்டில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மாதா படம், அதற்குக் கீழே மனைவி ராஜமேரியின் செபமாலை. சமைப்பதும் அவரே, சாப்பிடுவதும் அவரே. சாயங்காலம் செபம் சொல்லும்போது, முன்பாதியைச் சொல்லி நிறுத்தி மறுபாதிக்காகக் காத்திருக்கும் பழக்கம் மட்டும் போகவே இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு மறுபாதியையும் தானே சொல்லிக்கொள்வார்.

அவர் எப்போதும் இந்த ஊரில் இருந்தவர் அல்ல. ஏறக்குறைய ஆறு வருஷம் பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலின் நடனக் கூடத்தில் ஜாஸ் வாசித்திருக்கிறார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் வில் மாதிரி ஒரு கட்டு, பின்வரிசையில் இரண்டாவது டிரம்போன். ஜாஸ் என்பது என்ன என்று ஊரில் கேட்டவர்களுக்கு அவர் ஒரே மாதிரிதான் விளக்கம் சொல்வார். எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, மற்றவர்கள் அடியில் தாங்கிப் பிடிக்க, அந்த மெட்டின் மேலேயே தன் மனதில் இருப்பதை வாசித்துவிட்டு உட்காருவார்கள். எழுதி வைத்தது எதுவும் அப்போது உதவாது. உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான் வெளியே வரும். அப்படி எழுந்து நிற்கும் முறை இரண்டாவது டிரம்போனுக்கு வருவதே இல்லை. அவர் மற்றவர்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். குழுவின் தலைவர் கூடத்தின் நடுவில் நின்று கையசைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு நாளாவது அந்த இடத்தில் நாம் நிற்க மாட்டோமா என்று நினைப்பார். அதைவிடப் பெரிய ஆசை எதையும் அவர் ஆண்டவரிடம் கேட்டதில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, காய்கறி ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர் ஓட்டலின் பின்வாசலுக்கு வந்து, ஊரில் ராஜமேரிக்குக் காய்ச்சல் அதிகமாக இருக்கிறது, வரச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஸ்தனிஸ்லாஸுக்கு முதல் முறையாக எழுந்து நிற்க முறை கொடுப்பதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். காய்ச்சல்தானே, ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் போய்விடலாம் என்று அவர் இருந்துவிட்டார். சனிக்கிழமை எழுந்து நின்று வாசித்தார். நன்றாகவே வந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று கைதட்டினார்கள். ஞாயிறு மதியம் அவர் ஊர் வந்து இறங்கியபோது கோயிலில் துக்கமணி அடித்து ஓய்ந்திருந்தது.

கல்லறையிலிருந்து எல்லோரும் திரும்பிப் போனபின் தீர்த்தம்மாள் சுவரோரம் வந்து நின்றாள். அவரைவிடப் பத்து வயது மூத்தவள், கணவன் இல்லாதவள். மகன் தர்மனும் கிணற்றில் தூர் வாரும்போது மண் சரிந்து போய்ச் சேர்ந்துவிட்டான்.

“ஏனுங்க தம்பி, ஒண்ணு சொல்லணுமுங்க. கடைசில நாந்தான் கூட இருந்தேன். சாமியாரக் கூப்புட ஆள் போயிருந்துச்சு, அதுக்குள்ள செபம் சொல்லு, செபம் சொல்லுன்னு என் கையப் புடிச்சுக்கிச்சு. எனக்கு உங்க சாமி வார்த்த பாதிதான் தெரியும். அதும் தெனம் செவுத்துக்கு அந்தாண்ட இருந்து காதுல வுழுந்ததுதான். தெரிஞ்சத சொன்னேன். தெரியாத எடம் வந்தா ‘ம்ம்…’னு அதே மாதிரி இழுத்துட்டேன். வுட்டா அது கண்ணத் தொறந்து பாக்குது. அதனால வுடாம இழுத்துட்டே இருந்தேன்.” பிறகு கேட்டாள்: “தப்புங்களா?”

எப்படி இழுத்தீர்கள் என்று ஸ்தனிஸ்லாஸ் கேட்டார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே முனகிக் காட்டினாள். வார்த்தை இருக்கும் இடத்தில் மேடு. இல்லாத இடத்தில் மெல்லச் சரிந்து, அடியைத் தொடாமல் மறுபடி ஏறும் ஒரு நீண்ட முனகல். நல்லது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, அரைகுறையாக, தெரிந்த மட்டும். ஆண்டவர் மிச்சத்தை நிரப்பிக்கொள்வார் என்று ஸ்தனிஸ்லாஸ் நம்பினார். ஆனால் அந்தக் கையை அன்று பிடித்திருக்க வேண்டியது யார் என்பது அவருக்குத் தெரியும். நன்றி என்று ஒரு சொல் சொல்ல வாய் வரவில்லை. பிறகும் வரவில்லை. ஓட்டலுக்கு அவர் திரும்பிப் போகவில்லை. ஊர் பேண்டில் சேர்ந்தார். சில வருஷத்தில் அதை நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது. கல்யாணம், தேர், சாவு எதுவானாலும் முதல் வரிசையில் நடந்தார். தனியாக மட்டும் வாசிக்க மாட்டார்.

எழுபத்திரண்டில் பென்னாகரம் சாலையில் ஒரு சாவு ஊர்வலம். பின்னால் ஒரு கார் வழி கிடைக்காமல் ஊர்ந்து வந்தது. கொஞ்ச தூரத்தில் காரிலிருந்து ஒரு மனிதர் இறங்கி ஊர்வலத்தோடு நடக்க ஆரம்பித்தார். செத்துப்போனவருக்கு உறவு போலிருக்கிறது என்று ஒருவர் அவர் கையில் ஊதுவத்தியைக் கூடக் கொடுத்துவிட்டார். சுடுகாட்டு எல்லையில் பேண்டு நின்றதும் அவர் ஊதுவத்தியோடு ஸ்தனிஸ்லாஸ் முன்னால் வந்து நின்றார். பழைய ஓட்டல் குழுவில் சாக்ஸபோன் வாசித்த ரொசாரியோ. இப்போது பெங்களூரில் ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனியில் இருந்தார். குடும்பத்தோடு ஓகேனக்கல் போகிற வழி.

“மேன், இது ஃபியூனரல் மியூசிக்கா? இது ஜாஸ். உங்க டிரம்காரருக்கே தெரியாம அவரு ஜாஸ் அடிக்கறாரு” என்றார் ரொசாரியோ.

“அய்யோ, நான் ஒண்ணும் தப்பா அடிக்கலீங்க” என்றார் முனிராஜ்.

இந்தக் குழுவை வைத்தே ஒரு முழு இசைத்தட்டு போடலாம், மேலட்டையில் உன் பெயர்தான், ஆனால் நீ தனியாக வாசிக்க வேண்டும் என்று ரொசாரியோ சொன்னார். ஸ்தனிஸ்லாஸ் ஆகட்டும் என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் சம்மதித்து, மற்ற நால்வரோடு பெங்களூர் போனார். ஒலிப்பதிவு அறையின் சுவர் முழுக்கத் தென்னை நார்ப் பாய் அடித்திருந்தது. மேலே ஒரு மைக் தொங்கியது. ஐந்து பேரும் அதைச் சுற்றி நின்று ஆரம்பித்தார்கள். ஏழெட்டு வருஷமாகச் சேர்ந்து வாசிப்பவர்கள், அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலத் தடுமாறினார்கள். டிரம் ஓடியது, டிரம்பெட் ஞானராஜ் பின்தங்கினார், கிளாரினெட் வேறெங்கோ போனது. காலையெல்லாம் இப்படியே போனது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த கன்னடக்காரப் பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். ரொசாரியோ கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

முனிராஜ்தான் கடைசியில் சொன்னார். “அண்ணே, நாம எப்பவாச்சும் நின்னு வாசிச்சிருக்கமா? கால் போனாத்தான கை வரும். நின்ன எடத்துல நின்னா எனக்கு எங்க அடிக்கறதுன்னே தெரியல. முன்னாடி ஒரு பாடையாவது வெக்கச் சொல்லுங்க.”

உண்மைதான். அவர்களுக்குத் தாளம் இருந்தது பாதத்தில். தேர் ஒரு நடை, கல்யாணம் ஒரு நடை, சாவு ஒரு நடை. எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார் ஸ்தனிஸ்லாஸ். மூலையில் கிடந்த ஒரு பாயை இரட்டையாக மடித்துத் தரையில் போட்டு, தெருவில் போகிற வரிசையிலேயே நின்று, நின்ற இடத்திலேயே நடக்க ஆரம்பித்தார்கள். பதிவாளர் காலடிச் சத்தம் விழுகிறது என்று கை காட்டினார். ரொசாரியோ, விழட்டும் என்று கை காட்டினார். எல்லா மெட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

கடைசியாக, தனி வாசிப்புக்கென்று வைத்திருந்த மெதுவான பாட்டு. மற்றவர்கள் தணிந்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் முதல் வரிசையில் ஒற்றையாக நடந்துகொண்டிருந்தார். முன்னால் யாரும் இல்லை, மைக் மட்டும். அதன் வட்ட முகத்தைப் பார்த்ததும் அந்தச் சனிக்கிழமைக் கைதட்டல் காதில் விழுந்தது. வாசிக்க முடியாது என்று தலையசைக்கப் போனார். அப்போது, விட்டால் கண்ணைத் திறந்து பார்க்கிறது என்று தீர்த்தம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் விடவில்லை. அந்த முனகலை ஊதினார். மேடு, சரிவு, அடியைத் தொடாமல் ஒரு ஏற்றம். டிரம்போனில் கட்டையும் கிடையாது, துளையும் கிடையாது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டேதான் போக வேண்டும். வார்த்தை தெரியாத இடத்தைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான குழல் வேறு இல்லை. பின்னால் எட்டுக் கால்கள் மெல்ல நடந்துகொண்டிருந்தன.

முடிந்ததும் ரொசாரியோ உள்ளே வந்தார். “இந்த ட்யூன் யார் போட்டது?”

“பக்கத்து வூட்டு அக்கா.”

ரொசாரியோ சிரித்து அவர் தோளில் தட்டினார். அட்டையில் இசை என்ற இடத்தில் ஸ்தனிஸ்லாஸ் என்றே அச்சானது.

தட்டு வந்த அன்று ஊரே வந்து அட்டையைப் பார்த்தது. புளியமரச் சாலையில் ஸ்தனிஸ்லாஸ் முன்னால் நிற்க, மற்ற நால்வரும் பின்னால் நின்றார்கள். கேட்கத்தான் ஊரில் ஒருவரிடமும் கிராமபோன் இல்லை. தீர்த்தம்மாள் சுவருக்கு மேல் கை நீட்டித் தட்டை வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க தம்பி, இதுக்குள்ளயா எல்லாரும் இருக்கறீங்க?”

“ஆமாக்கா. அந்தக் கோடுங்கதான் பாட்டு.”

“கோடா?” அவள் விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் தடவினாள். “பொழுது வுடியறப்ப ஒழுது வுட்ட காடு மாதிரியில்ல இருக்குது. எத்தன சாலு!”

அதில் ஒரு சால் உங்களுடையது என்று சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. சொல்லத் தொடங்கினால் அந்தச் சனிக்கிழமையையும் சொல்ல வேண்டி வரும். தட்டைப் பத்திரமாக வாங்கி உறையில் போட்டுக்கொண்டார்.

தை மாதத்தில் தட்டுக்கு ஒரு விழா வைத்தார்கள். வைத்த இடம் அந்தப் பழைய ஓட்டலின் அதே கூடம். சாயங்காலம் குழு மேடையில் வாசிக்க வேண்டும், ஸ்தனிஸ்லாஸ் நடுவில். சேதி வந்த நாளிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. கறுப்புக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டார். தோளில் பூச்சி அரித்திருந்ததைத் தானே தைத்தார்.

விழாவுக்கு நாலைந்து நாள் முன்பு தீர்த்தம்மாள் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். விழா நாள் காலை மற்ற நால்வரும் முதல் பஸ்ஸில் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் தலையைக் காட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவதாக ஸ்தனிஸ்லாஸ் சொல்லி அனுப்பினார். கையில் டிரம்போன் பெட்டியும் கோட்டுமாக வார்டுக்குள் நுழைந்த அவரை எல்லோரும் டாக்டர் என்று நினைத்துக் கொஞ்சம் நிமிர்ந்து படுத்தார்கள்.

தீர்த்தம்மாள் காலில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். “மாப்ள மாதிரி இருக்கறீங்க” என்று சிரித்தாள். ஆனால் அவள் கண் சன்னலுக்கும் வாசலுக்கும் போய்ப் போய் வந்தது. என்ன என்று இரண்டு மூன்று முறை கேட்டபின்தான் சொன்னாள்.

“இன்னைக்கித்தான் தர்மனுக்குப் படைக்கற நாளு. உச்சிப் பொழுதுல கெணத்து மேட்டுல எலை போட்டுக் காக்காய்க்கு வெப்பேன். களியும் கருவாட்டுக் கொழம்பும்னா அவனுக்கு உசுரு. ஒரு வருசம் தவறுனதில்ல. எங்கொழுந்தனார் மக சின்னம்மாகிட்ட சொல்லோணும்னு நெனச்சேன், வுழுந்த கலவரத்துல மறந்துட்டேன். அது புள்ள, அதுக்கு எங்க ஞாபகம் இருக்கும்?”

“நான் போயிச் சொல்லிட்டுப் போறங்க்கா.”

“வேண்டாம் தம்பி, உங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“சேலத்துலருந்து பெங்களூரு போற பஸ்ஸு நம்மூரு ரோட்டுல கை காட்டுனா நிக்கும். அதுல போயிக்குவேன். நீங்க கண்ண மூடுங்க.”

அவள் உடனே கண்ணை மூடிக்கொண்டாள். பாரம் இறங்கிய முகம் அது. அவருக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

டவுன் பஸ்ஸில் ஊர் திரும்பி, வெயிலில் வேகமாக நடந்து, காட்டுக்குள் இருக்கும் சின்னம்மாளின் வீட்டுக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. வாசலில் நாய் மட்டும் படுத்திருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டு போன ஒரு பெண் தூரத்திலிருந்தே, “அவங்க கடத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க, நாளைக்கித்தான் வருவாங்க” என்று சொல்லிவிட்டு ஆடுகளோடு மேட்டைத் தாண்டி மறைந்தாள்.

ஸ்தனிஸ்லாஸ் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நின்றார். இப்போதே நடந்தால் சேலத்து பஸ் கிடைக்கும். சாயங்காலத்துக்குள் கூடத்தில் இருக்கலாம். போனேன் அக்கா, வீடு பூட்டியிருந்தது என்று நாளை சொல்லலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. தீர்த்தம்மாள் குறையாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அந்த மேடை, அந்த வெளிச்சம், நடுவில் அந்த இடம். இனி ஒருமுறை வராது. அவருக்கே நாற்பத்தைந்து வயது ஆகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து அடி சாலைப்பக்கம் நடந்தும் விட்டார். பிறகு பெட்டியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அடுப்பு மூட்டி உலை வைத்தார். பானையில் ராகி மாவு இருந்தது. அடுக்கில் நாலு துண்டு கருவாடு இருந்தது. துடுப்பைப் பிடித்துக் களி கிண்டிக்கொண்டிருந்தபோது, தார்ச்சாலையில் சேலத்து பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. கை நிற்கவில்லை. நின்றால் களி கட்டி தட்டிவிடும். பெங்களூரில் பிலவேந்திரன் பஸ் நிலையத்து வாசலில் நின்று பார்ப்பார். பிறகு அவரே முன்னால் நின்று வாசிப்பார். நல்ல மூச்சுக்காரர், சமாளித்துக்கொள்வார். மாதா படம் இருந்த பக்கம் அவர் ஒருமுறை பார்த்தார். இது செய்யலாமா கூடாதா என்று யாரிடமும் கேட்கவில்லை. அன்று தீர்த்தம்மாளும் யாரையும் கேட்டுக்கொண்டு செபம் சொல்லவில்லை.

வாழையிலையில் களி உருண்டையையும் குழம்பையும் வைத்து எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனார். காட்டில் ஒரு ஆள் இல்லை. கிணற்று மேட்டுக் கல்லைத் துண்டால் துடைத்து இலையை வைத்தார். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். கையைக் கூப்புவதா, சிலுவை போடுவதா என்று தெரியாமல் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். தர்மனை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஏற்றம் இறைக்கும்போது சீட்டியடிப்பான். அது மட்டும் நினைவிருந்தது.

“கா… கா…” என்று கூப்பிட்டார். வாழ்நாளெல்லாம் குழலால் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. சத்தம் கிணற்றைத் தாண்டவில்லை. மறுபடி கூப்பிட்டார். வெயில் தலைக்கு நேராக நின்றது. முருங்கைமரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்து இலையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. கிளையிலிருந்து கல்லுக்கு வந்தது. அவர் நிற்பதைக் கண்டு மறுபடி எழும்பி எட்டப் போய்விட்டது.

ஸ்தனிஸ்லாஸ் நாலடி பின்னால் நகர்ந்து, கிணற்றுக்கு முதுகைக் காட்டி, அறுத்த ராகிக் காட்டைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். பின்னால், கல்லின் மேல் இறக்கை மடங்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.